மதிப்பெண் திறக்கும் கதவு

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற கல்வி நாளில், பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "சாமி, கல்வி நாளில் கல்வியின் பெருமையைப் பற்றி நீங்கள் அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மக்கள் நீங்கள். ஆகவே ஒரு தாய் என்னிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன்.

சென்ற ஆண்டு தேர்வு முடிவுகள் வந்த வாரம். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தேன். அந்தத் தாய் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு அவருடைய மகனுக்கு மதிப்பெண் வரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார்: "சாமி, அந்த மார்க் வாங்கின பிள்ளைகள் எல்லாம் நல்ல டாக்டராகத்தான் வருவார்களா? என் மகன் வந்திருக்க மாட்டானா?"

"எல்லாம் நன்மைக்கே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு என் பதில் எனக்கே கசந்தது. அவர் ஆறுதல் கேட்டு வரவில்லை. உண்மை என்ன என்று கேட்டு வந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சிலவற்றைப் படித்தேன்; சிலரைக் கேட்டேன்; என் அனுபவத்தையும் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் பங்கில் இதைப்பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. மதிப்பெண்தான் எல்லாம் என்பது ஒரு கட்சி. இக்கட்சியார் வீட்டில் பிள்ளை 95 வாங்கி வந்தால், "மீதி 5 எங்கே?" என்று கேட்பார்கள். மதிப்பெண்ணில் ஒன்றுமே இல்லை என்பது மறு கட்சி. இவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். இவர்களுக்குப் பிடித்த புனிதர் ஆர்ஸ் நகரத்துப் பங்குக் குரு ஜான் மரிய வியான்னி. "சாமி, அவர் குருமடத்தில் லத்தீன் வராமல் தேர்வில் தவறியவர்தானே? அவரே புனிதராகிவிட்டாரே!" என்று என்னை மடக்குவார்கள். உண்மைதான். ஆனால் வியான்னியைக் காரணம் காட்டிப் படிக்காமல் இருந்தவர்களில் இன்னொரு வியான்னி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் குருமடத்தில் தத்துவப் பாடம் ஒன்றில் தவறி, மறுமுறை எழுதித் தேறியவன்தான். அதனால் எனக்குப் புனிதம் ஒன்றும் கூடிவிடவில்லை, விடுமுறைதான் போயிற்று.

இந்த இரு கட்சிகளில் எது சரி? பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும், பின்னால் மருத்துவப் படிப்பில் பெறும் வெற்றிக்கும் உள்ள உறவை இங்கிலாந்து நாட்டில் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். நமது பிளஸ் டூவைப் போல அங்கே பள்ளிப் படிப்பின் இறுதியில் ஏ லெவல் என்ற தேர்வு உண்டு. 2002 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில், அதுவரை நடந்த பல ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வெளிவந்தது. மருத்துவ மாணவர்களுக்குள்ளே ஒருவர் நன்றாகச் செய்கிறார், ஒருவர் சுமாராகச் செய்கிறார் அல்லவா? அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் 100 பங்காக வைத்துக்கொண்டால், அதில் 23 பங்கை முன்னைய தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு விளக்க முடிந்தது. பட்டம் பெற்ற பிறகு மேற்பயிற்சியில் காட்டும் திறமையைப் பார்த்தாலோ, அது வெறும் 6 பங்காகக் குறைந்துவிட்டது.

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 23 என்பது பூச்சியம் அல்ல. ஆகவே மதிப்பெண்ணில் ஒன்றுமில்லை என்பது தவறு. 23 என்பது 100 அல்ல. ஆகவே மதிப்பெண்தான் எல்லாம் என்பதும் தவறு. படிப்பு முடிந்து வேலைக்குள் போகப் போக, பள்ளி மதிப்பெண்ணின் குரல் தேய்ந்துகொண்டே போகிறது.

அடுத்த ஆண்டு, 2003 இல், அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1975 முதல் 1982 வரை சேர்ந்த 500க்கு மேற்பட்டவர்களை, 2002 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். கல்லூரியில் சேர்ந்த காலத்திலேயே அவர்களுக்கு அறிவுக்கூர்மைச் சோதனை ஒன்றும் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஏ லெவல் மதிப்பெண் அவர்களுடைய மருத்துவ வாழ்வின் போக்கை ஓரளவு முன்கூட்டியே காட்டியிருந்தது. அறிவுக்கூர்மைச் சோதனையோ தனியாக எதையும் காட்டவில்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்றால், பிறவியிலேயே மூளை அதிகம் என்று அது சான்றிதழ் தருவதால் அல்ல. பாடத்தை உட்கார்ந்து படித்திருக்கிறான், உயிரியலும் வேதியியலும் அவனுள் இறங்கியிருக்கின்றன, நாள்தோறும் உழைக்கும் பழக்கம் வந்திருக்கிறது என்பதைக் காட்டுவதால்தான். "என் பிள்ளைக்கு மூளை இல்லை சாமி" என்று சொல்லும் பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள்.

மருத்துவப் படிப்பின் முதலாண்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்ற மூன்று பெரும் பாடங்கள். எலும்பு ஒவ்வொன்றிலும் உள்ள மேடு பள்ளம், நரம்பு ஓடும் பாதை, தசை பிடித்திருக்கும் இடம் எல்லாவற்றையும் மாணவன் நினைவில் வைக்க வேண்டும். பள்ளியில் ஓராண்டு முழுவதும் படித்த அளவு அங்கே சில வாரங்களில் ஓடிவிடும். அன்றன்று படிக்கும் பழக்கம் இல்லாதவன் அங்கே திணறிப் போவான். 2023 ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடித்தாக வேண்டும். முழுப் படிப்பையும் ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே அடித்தளம் இல்லாமல் ஒரு பிள்ளையை அங்கே தள்ளிவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நன்மை அல்ல.

ஆனால் இரண்டாம் ஆண்டு தொடங்கி நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது, வேறு திறமைகள் வேண்டியிருக்கின்றன. ஒரு பாட்டி, "என்னமோ பண்ணுது தம்பி" என்று சொன்னால், அந்த 'என்னமோ' எது என்று பொறுமையாகக் கேட்டு அறிய வேண்டும். கை நடுங்காமல் ஊசி போட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் எரிந்து விழாமல் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று பெரியவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூ வினாத்தாளில் இடம் இல்லை. 23 என்பது 6 ஆகக் குறைவதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் அரிசி சலிக்கும் தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே சல்லடையில் சலித்தபின் மேலே நிற்கும் அரிசியெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அதற்குப் பிறகு, இதில் எந்த மணி நன்றாக வேகும் என்று அளவை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அளவே முக்கியமில்லை என்று ஆகிவிடாது. அளவு தன் வேலையை முன்பே முடித்துவிட்டது. மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். அவர்களுக்குள் முதல் மதிப்பெண்காரனுக்கும் கடைசி மதிப்பெண்காரனுக்கும் உள்ள வேறுபாடு, நாம் தெருவில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதல்ல. பெரிய வேறுபாடு சல்லடைக்கு மேலே நின்றவர்களுக்கும் வெகுவாகக் கீழே விழுந்தவர்களுக்கும் இடையில்தான். மயிரிழையில் தவறிக் கீழே விழுந்தவன் கதியோ மிகவும் பரிதாபமானது. அந்தத் தாயின் மகன் அப்படி விழுந்தவன்.

அப்படி விழுந்தவர்களை எடுத்து உள்ளே விட்டால் என்ன ஆகும்? இது நிஜமாகவே ஓரிடத்தில் நடந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி 1979 ஆம் ஆண்டு, மதிப்பெண் முதலியவற்றைப் பார்த்து 800 பேரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்து, வரிசைப்படுத்தி, மேலிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின், இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்களெல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். கிடைத்தவர்கள் வரிசையில் 700க்குக் கீழே நின்றவர்கள். அவர்களில் பெரும்பாலோரை வேறு எந்தக் கல்லூரியும் ஏற்றிருக்கவில்லை. அந்த 50 பேரையும் முதல் 150 பேரையும் படிப்பு முடிந்து முதலாண்டுப் பயிற்சி வரை ஒப்பிட்டுப் பார்த்து, 1987 இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பிலோ, இடையில் நின்றுவிடுவதிலோ, பயிற்சியிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை!

இதில் நாம் ஏமாந்துவிடக் கூடாது. அந்த 50 பேரும் படிப்பில் போதிய மதிப்பெண் பெற்று நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களே. அவர்களைக் கீழே தள்ளியது பெரும்பாலும் நேர்முகத் தேர்வில் பெரியவர்கள் கொண்ட அபிப்பிராயம். ஆகவே இச்சம்பவம், 'மதிப்பெண்ணைத் தூக்கி எறியுங்கள்' என்று சொல்லவில்லை. போதிய தகுதிக்கு மேலே வந்தபின், இவன் உயர்ந்தவன் அவன் தாழ்ந்தவன் என்று வரிசை போடும்போது, கற்றறிந்த பெரியவர்களும் தவறுவார்கள் என்றுதான் சொல்கிறது. அவர்களே தவறும்போது, திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வரிசை போடும் நாம் எம்மாத்திரம்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் தமிழ்நாட்டில் இந்தச் சல்லடையையே எத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1984 ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அதையும் கூட்டிப் பார்த்தார்கள். 2007 இல் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோல் ஆயிற்று. 2017 இல் நீட் வந்தது. இடம் கொடுப்பதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதே நின்றுபோயிற்று. ஒரே திறமையுள்ள பிள்ளை 1990 இல் ஒருவிதமாகவும், 2010 இல் வேறுவிதமாகவும், 2018 இல் இன்னொரு விதமாகவும் அளக்கப்படுவான். ஒன்றில் டாக்டர், மற்றொன்றில் தோல்வி. பிள்ளை மாறவில்லை, படிதான் மாறியது. பயிற்சி மையத்தில் ஓராண்டு ஈராண்டு சேர்ந்து படிக்கப் பணம் உள்ளவனுக்கு ஒரு வாய்ப்பும், இல்லாதவனுக்கு வேறொரு வாய்ப்புமாக இருப்பதை நீங்களே கண்கூடாகக் காண்கிறீர்கள்.

பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோலாக இருந்த காலமும் குறையற்றதாக இருக்கவில்லை. முன்பு நான் பணியாற்றிய பங்கில் ஒரு பையன் 1200க்கு 1180க்கு மேல் வாங்கி, அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றான். ஊரே திரண்டு மாலை போட்டது. எட்டு மாதம் கழித்து, முதலாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறி, விடுதியை விட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். தகப்பனார் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். நான் போய் அவனருகே உட்கார்ந்து மெல்ல விசாரித்தேன். அவன் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தவே இல்லையாம். இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே கேள்வி பதிலாக மனப்பாடம் செய்ய வைத்து, வாரத்துக்கு ஆறு தேர்வு வைத்தார்களாம். "சாமி, எனக்குப் பதில்தான் தெரியும், பாடம் தெரியாது" என்றான் அவன். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. இப்படிப் பல பள்ளிகளில் நடந்ததால்தான் 2018 இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது.

அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தான். மறுதேர்வில் தேறினான். இன்று மருத்துவராக இருக்கிறான். அவன் மதிப்பெண் பொய் அல்ல. ஆனால் அதற்கு அடியில் இருந்திருக்க வேண்டிய படிப்பை யாரோ உருவிவிட்டிருந்தார்கள். இங்கிலாந்து ஆய்வில் மதிப்பெண்ணுக்கு இருந்த மதிப்பு, படிப்பின் அடையாளமாக அது இருந்தவரைக்கும்தான். படிப்பை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் சம்பாதித்தால், அது கதவைத் திறக்கும். உள்ளே நடக்கக் கால் தராது.

இதற்கு நேர்மாறான ஒரு பெண்ணையும் அறிவேன். கூலி வேலை செய்யும் குடும்பம். அரசுப் பள்ளி, தமிழ்வழிப் படிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இல் வந்தது. அந்த ஓராண்டிலேயே 300க்கு மேற்பட்ட பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார்கள். அதற்குப் பின் வந்த ஓராண்டில் இவளும் இடம் பெற்றாள். "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு இவள் எங்கே தேறப் போகிறாள்?" என்று நம்மவர்களே சிலர் பேசினார்கள். முதல் மூன்று மாதம் வகுப்பில் சொல்வது ஒன்றும் புரியவில்லை என்று தொலைபேசியில் அழுதாள். பாடத்தின் கடினத்தைவிட ஆங்கிலத்தின் கடினமே பெரிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு முப்பது ஆங்கிலச் சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதிப் படித்தாள். மேல் வகுப்பு மாணவி ஒருத்தி இரவில் அவளோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு பாடத்தில் தவறி மறுதேர்வு எழுதினாள். அதன்பின் எதிலும் தவறவில்லை. நோயாளிகள் அவளைத் தேடி வருகிறார்களாம். அவர்கள் பேசும் பேச்சு அவளுக்குப் புரிகிறது.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் அல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2001 ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். வசதி குறைந்த பகுதிகளில், பொதுவாக மதிப்பெண் குறைவாக வரும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளை, மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சேர்த்துவிட்டுக் கைவிடவில்லை. ஐந்து ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டாக்கி, தொடக்கப் பாடங்களை மெதுவாக, கூடுதல் துணையோடு நடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். குறைந்த மதிப்பெண் என்பது சில சமயம் பிள்ளையின் குறை அல்ல, அவன் படித்த இடத்தின் குறை என்பதும், அந்தக் குறையை உரிய காலத்தில் நிரப்ப முடியும் என்பதும் இதனால் தெரிகிறது. நம் நாட்டிலும் 2019 இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், முதலாண்டின் தொடக்கத்தில் மொழிப் பயிற்சியும் அடங்கிய அடிப்படைப் பயிற்சி ஒன்றைச் சேர்த்தார்கள். நல்ல தொடக்கம், ஆனால் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நடுவே உள்ள பள்ளம் சில வாரத்தில் மூடுகிற பள்ளம் அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, விண்ணப்பம் போட யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 151 பேர் விண்ணப்பித்தார்கள். கட்டடம் இல்லை, கருவி இல்லை, ஆசிரியர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பெண்கள் படித்த பள்ளிகளே அரிதாக இருந்த காலம் அது. 1922 இல் முதல் அணியில் 14 பேர் இறுதித் தேர்வு எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள். அம்மையார் அவர்களைத் தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல், தாமே கூட இருந்து கற்பித்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தக் கல்லூரி பிற்காலத்தில் எழுத்துத் தேர்வோடு பல நாள் நேர்முகத் தேர்வும் வைத்து மாணவர்களைச் சேர்த்துவந்தது. மதிப்பெண் மட்டும் போதாது என்ற கொள்கையில் அவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்றால், 2017 இல் நீட் மதிப்பெண் வரிசையின்படியே சேர்க்க வேண்டும் என்று வந்தபோது, 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற இடங்களைக் காலியாக விட்டார்கள். சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. நேர்முகத் தேர்வும் தவறும் என்பதை ஹூஸ்டனில் பார்த்தோம். ஆனால் ஏழைகளுக்கு ஊழியம் செய்ய மனமுண்டா என்று ஒரு பிள்ளையைக் கேட்கக்கூட வழியில்லாத தேர்வு முறையில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதையும் நாம் மறுக்க முடியாது.

அன்பார்ந்தவர்களே, இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். இப்பொழுது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் குருவான நாள் முதல், பணியாற்றிய பங்குகளில் எல்லாம் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தேர்வு முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில், பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் வரிசையாக வாசிப்பேன். முதல் மூவருக்குப் பரிசு; எல்லாரும் கைதட்டுவார்கள். பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிறேன் என்றுதான் நினைத்தேன். ஓராண்டு, பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள் என்று எல்லாருக்கும் தெரியும். மதிப்பெண் நல்லதுதான், மருத்துவத்துக்குப் போதாது. வாசித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாமே அம்மா" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் பாடற்குழுவுக்கு வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, சர்க்கரை நோய்க்காக ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, இரத்தம் எடுக்க வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவளேதான். வலி தெரியாமல் ஊசி போட்டாள். அம்மாவின் உடல்நிலை, ஊர்ச் செய்தி எல்லாம் பேசினாள். நான் எழுந்து புறப்படும்போது சொன்னாள்: "சாமி, அந்த வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். ஆறு மாதம் வீட்டில் சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ராத்திரிதான் படித்தேன். உழைக்கவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் தாங்கவில்லை."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி" என்றாள். அவளுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம், எனக்கு இல்லை. மதிப்பெண் என்பது அந்த ஒரு நாளில், அந்த வீட்டில், அந்தப் பள்ளியில் அந்தப் பிள்ளையால் எழுத முடிந்தது எவ்வளவு என்பதைச் சொல்லும். ஏன் அவ்வளவு என்பதை அது சொல்லாது. அந்த 'ஏன்' எனக்குத் தெரியாமலே நான் தீர்ப்பு எழுதினேன். அந்த வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன். நான் இந்தப் பங்குக்கு வந்தபின் ஏன் மதிப்பெண் வாசிப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதை அறிவேன். காரணம் இதுதான்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, மாணவச் செல்வங்களுக்கு. படியுங்கள். டாக்டராக ஆசைப்படுகிறவர்கள் நன்றாகவே படியுங்கள். பதிலை மட்டும் படிக்காமல் பாடத்தைப் படியுங்கள். பதினொன்றாம் வகுப்பையும் சேர்த்துப் படியுங்கள். இன்று நீங்கள் உட்கார்ந்து படிக்கும் பழக்கம்தான் நாளை உங்களைக் காப்பாற்றும். முயன்றும் இடம் கிடைக்கவில்லையானால், அந்த எண் உங்கள் முகவரி அல்ல. செவிலியர், மருந்தாளர், ஆய்வக வல்லுநர் இவர்கள் இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஒரு நாள்கூட நடவாது. உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து யாராவது உங்கள் மனத்தைப் புண்படுத்தினால், அது நானாகவே இருந்தாலும், என்னிடம் வந்து சொல்லுங்கள். தனியாக அழாதீர்கள்.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. முடிவு வருகிற நாளில், "எவ்வளவு?" என்று கேட்கும் முன் பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணைச் சாப்பாட்டு வேளையில் எடுக்காதீர்கள். மருத்துவக் கல்லூரிக்குள் போய்விட்ட பிள்ளைகளின் பெற்றோர்களே, உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். முதலாண்டுதான் மிகக் கடினம். அந்த ஆண்டில் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

மூன்றாவது, பொன்விழாக் குழுவினருக்கும் உங்கள் அனைவருக்கும். பொன்விழா நினைவாகக் கல்வி நிதி ஒன்றைத் திரட்டியிருக்கிறீர்கள். அதை ஆண்டுதோறும் முதல் மூன்று மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறது. பரிசு கொடுப்பதை நான் தடுக்கவில்லை. உழைத்த பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நிதியின் பெரும்பகுதியை, மருத்துவமோ செவிலியர் படிப்போ வேறு எந்தத் தொழிற்படிப்போ சேர்ந்து, முதலாண்டில் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் வாங்க, ஆங்கிலம் கற்க, மறுதேர்வுக் கட்டணம் கட்ட, விடுதிக்குப் போய் அவர்களைப் பார்த்துவர அது பயன்படட்டும். நம் பங்கில் படித்து வேலையில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டு, மாதம் ஒரு முறையாவது பேசட்டும். வேலூரில் அன்று 14 பேர் தேறியது, தேர்ந்தெடுத்தவரே கூட உட்கார்ந்து கற்பித்ததால்தான்.

அந்தத் தாயின் கேள்விக்கு இனிமேல் என் பதில் இது: "அம்மா, அந்த மார்க் வாங்கின பிள்ளைகளில் பலர் நல்ல டாக்டராக வருவார்கள், ஏனென்றால் அவர்கள் உழைத்துப் படித்தவர்கள். உங்கள் மகனும் வந்திருக்கக்கூடும். அவன் தவறியது மிகச் சிறிய இடைவெளியில். இது அநியாயம் போலத் தோன்றினால், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. இனி அவன் என்ன செய்யலாம் என்று, அவனையும் கூட்டிக்கொண்டு நாளை மாலை வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்."

அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்று, பொன்விழா ஆண்டில், நீங்கள் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். பங்கு இல்லத்தின் கதவு தேர்வு முடிவு வரும் வாரம் முழுவதும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அதற்குள் வர எந்த மதிப்பெண்ணும் தேவையில்லை.

உங்கள் பிள்ளைகள் அனைவரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.